க்ளெனிஸின் இடது காது

இங்கிலாந்தின் நியூகாசில் வட்டாரத்தில் மாலை ஆறு மணி ஆனால் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்க க்ளெனிஸ் ஹார்பாட்டில் வந்தாக வேண்டும். வராவிட்டால் பலருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. கடையில் பார்த்தால் உருளைக்கிழங்கு பொறுக்கும் பெண்கள்கூட, "என்ன க்ளெனிஸ், நேத்துப் போட்டிருந்தியே அந்தப் பச்சைச் சட்டை, உனக்கு எடுக்கவே இல்ல" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். வானொலியில் தட்டச்சு செய்யச் சேர்ந்தவள், வாசிப்பு மேஜைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கணவன் டெரிக்கை அடக்கம் செய்த வாரத்தில்கூட அவள் விடுப்பு எடுக்கவில்லை. அந்த நாற்காலியை விட்டால் மிச்சம் வெறும் வீடுதான் என்று அவளுக்குத் தெரியும்.

செய்தி வாசிப்பவர் காதில் ஒரு குட்டிக் கருவி இருக்கும். கட்டுப்பாட்டறைக்காரர்கள் சொல்வது அதில் கேட்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள், பொத்தானை அழுத்தித் தங்களிடம் பேசினால் மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்கிறார்கள். க்ளெனிஸ் பழைய ஆள். அந்த அறையில் யார் இருமினாலும் அவளுக்குக் கேட்டாக வேண்டும். திட்டு, கிண்டல், சாண்ட்விச் சண்டை எல்லாம் இடது காதில் ஓட, வாய் தன்பாட்டுக்கு வாசிக்கும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். லண்டனிலிருந்து புதிதாக வந்த செய்தி ஆசிரியர் நைஜலுக்கு மட்டும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ரகம் இல்லை.

அன்று பக்கத்து ஊர் ப்ளைத்தில் பிஸ்கெட் ஆலை மூடப்படும் செய்தியை அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது, நைஜல் கைபேசியோடு கட்டுப்பாட்டறைக்குள் நுழைந்தார்.

"ஜெம்மா ஒத்துக்கிட்டா! ஜனவரியிலேருந்து ஆறு மணிக்கு அவதான். கிழவிகிட்ட கிறிஸ்துமஸ் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா மேஜைல உக்காந்து ஒப்பாரி வெச்சிருவா."

"ஐயோ நைஜல், வாயை மூடுங்க! அவங்களுக்குக் கேக்கும்!" என்று கத்தினாள் இயக்குநர் ஷீனா. அதுவும் கேட்டது.

க்ளெனிஸுக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. கிழவியா? என்னையா? எதிரே ஓடிய எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன, மண்டைக்குள் ஏறவில்லை. பழக்கதோஷத்தில் வாய் மட்டும் வாசித்துக்கொண்டே போய், நேரலைக்காக ஆலை வாசலில் மழையில் நின்றிருந்த டக்கி ரதர்ஃபோர்டு என்ற தொழிலாளியிடம் வந்து நின்றது.

"டக்கி, ஆலையை மூடப் போற விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்விதான்.

"நீதானே கண்ணு சொன்னே! மத்தியானச் செய்தில. கேன்டீன்ல உக்காந்து சூப் குடிச்சிக்கிட்டிருந்தேன். காலமெல்லாம் இவனுங்களுக்கு மாவு பிசைஞ்சிருக்கேன். மேனேஜர் பக்கத்து மேஜைலதான் இருந்தான். என் முகத்தப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா அவன் வாய் வெந்தா போயிடும்?"

க்ளெனிஸ் திகைத்துப் போனாள். மத்தியானம் அதை வாசித்ததே அவளுக்கு நினைவில்லை. வாசித்துவிட்டு அவளும் போய்ச் சாப்பிட்டிருப்பாள்.

இதற்குள் நைஜல் பொத்தானைத் தேடிப் பிடித்துவிட்டார். குரலில் தேன் ஒழுகியது. "க்ளெனிஸ், செல்லம், அடுத்தது வானிலை. வானிலைக்குப் போயிடுங்க."

அவள் போகவில்லை.

"டக்கி, எனக்கும் வேலை போயிருச்சு," என்றாள். "இப்பத்தான், உங்ககிட்ட வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, காதுல விழுந்துச்சு."

"நிறுத்து! படத்த நிறுத்து!" என்று இடது காதில் நைஜல் அலறினார். ஷீனா எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

டக்கி, இழவு வீட்டு வாசலில் செய்வதுபோல, நனைந்த தொப்பியைக் கழற்றினார்.

"அடப் பாவிங்களா! உன் முகத்தப் பாத்தாவது சொன்னாங்களா கண்ணு?"

"இல்ல டக்கி," என்றாள் க்ளெனிஸ்.

வடகிழக்கு இங்கிலாந்து முழுவதும் அப்போது அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.