கார்முகிலோட லேப்டாப்பு

அந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரன் மட்டும் பென் டிரைவ வாங்கியிருந்தா இந்தப் பாவம் நடந்தே இருக்காது. "பென் டிரைவெல்லாம் வேணாங்க, வைரஸ் ஏறிடும். போட்டோவ மெயில்ல அனுப்புங்க"ன்னு ஒரே பேச்சா சொல்லிட்டான். தம்பி கருமாதிக்கு பேனர் அடிக்க வந்து நிக்கிறவ முகத்த நிமிந்துகூடப் பாக்கல அந்த ஆளு. வேல்விழிக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கணும். கருமாதி நாளைக்கழிச்சு, சண்டை போட ஏது நேரம்? பேசாம வூட்டுக்கு வந்து லேப்டாப்ப எடுத்து வெச்சுகிட்டு உக்காந்தா.

தம்பி கார்முகிலோட லேப்டாப்பு அது. மெட்ராஸ் கம்பெனி வேலைய விருத்தாசலத்து வூட்டுலயே உக்காந்து அதுலதான் பாத்தான். ஊரெல்லாம் வெச்சிருக்கிற விண்டோஸ் அதுல கெடையாது, லினக்ஸ். "ஓசியில கெடைச்சதுக்கு இம்மாம் பெருமையாடா?"ன்னு வேல்விழி கிண்டல் பண்ணுவா. "ஓசிக்கு இல்லக்கா, உள்ள என்னா இருக்குதுன்னு எவன் வேணா தொறந்து பாக்கலாம், அதுக்குதான் பெருமை"ம்பான். அப்படிப்பட்ட புள்ளைய உளுந்தூர்பேட்டை ரோட்டுல ஒரு லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். பைக்கு அப்பளமா நொறுங்கிடுச்சு. பையில கெடந்த போனுக்கு ஒரு கீறல் இல்ல. இது என்னா கணக்கோ, அந்தக் கடவுளைத்தான் கேக்கணும்.

செத்தவங்க சாமானை வூட்டுல வெச்சுக்கக் கூடாதுன்னு ஒரு வழக்கம். அப்பா சுப்புராயன் அதுல கறாரு. பீங்கான் சூளையில காலம் பூரா நெருப்புகிட்ட நின்ன மனுசன், அழுது யாரும் பாக்கல. மவனோட சட்டை, செருப்பு, படுத்த பாயி எல்லாத்தையும் கொண்டுபோயி மணிமுத்தாத்துல வுட்டுட்டு வந்தாரு. போன ஆத்துல போட மனசு வரல. கொல்லைப்பக்கம் உக்காந்து அதுல இருந்த போட்டோ, வீடியோ எல்லாத்தையும் ஒண்ணொண்ணா அழிச்சாரு. செத்தவன் முகத்த இன்னொருத்தன் கையில குடுக்கக் கூடாதாம். அழிச்சு முடிச்சு, தன்னோட தம்பி ராஜமாணிக்கத்துகிட்ட "வெச்சுக்கடா"ன்னு குடுத்துட்டாரு.

லேப்டாப்பையும் அனுப்பத்தான் பாத்தாரு. அம்மா தங்கம்மாள் அதை மடியில இறுக்கிக்கிட்டா. "இதுல கைய வெச்சீங்கன்னா நானும் அந்த ஆத்துக்குத்தான் போவேன்"னா.

ஏன்னா அதுலதான் புள்ளையோட கொரலு இருந்துச்சு. ஒரே ஒரு வீடியோ. அம்மா அடுப்பங்கரையில நிக்கிறா, இவன் போன தூக்கிப் புடிச்சுகிட்டே பேசுறான்: "எம்மா, நீ வெச்ச கருவாட்டுக் கொழம்பு வாசனைக்கு ஜங்சன்ல ரயிலு கெளம்ப மாட்டேங்குதாம், வந்து என்னான்னு கேளு." அப்புறம் அவன் சிரிப்பு. அவ்ளோதான் வீடியோ. தினம் மத்தியானம் அதை வேல்விழி போட்டுக் காட்டணும், தங்கம்மாள் கேட்டு அழுதுட்டுத்தான் ஒருவாய் சோறு திம்பா. சுப்புராயனோ அந்தக் கொரலு கேட்டதுமே துண்ட ஒதறி தோள்ல போட்டுகிட்டு வெளிய கெளம்பிடுவாரு. ஒருநாளும் கேக்கல.

அந்த வீடியோவ தன் போனுக்கும் அனுப்பிக்கணும்னு வேல்விழிக்கு நெனப்பு இருந்துச்சு. நெட்டு வரட்டும், இங்கதானே இருக்குதுன்னு இருந்துட்டா.

நெட்டுதான் வரல. சாவுக்குப் பந்தல் போட்ட ஆளு ஒயரைப் புடிச்சு இழுத்ததுல பழைய மோடம் வுழுந்து ஒடஞ்சு போச்சு. லைன்மேன் புதுசு கொண்டாந்து மாட்டி, பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையுமே போட்டுக் குடுத்தான். எல்லார் போன்லயும் வைஃபை ஏறிடுச்சு. லேப்டாப்பு மட்டும் பாஸ்வேர்டு கேக்கும், குடுத்தா கொஞ்ச நேரம் சுத்தும், திரும்பக் கேக்கும். சனியன், சரியான பாஸ்வேர்டையே எத்தனை தடவைதான் குடுக்கிறது?

வேற வழி இல்லாம லாரன்ஸுக்குப் போன் போட்டா. கோணாங்குப்பத்துப் பையன், கார்முகிலோட கூடப் படிச்சவன், இப்ப மெட்ராஸ்ல வேலை. லினக்ஸ்னா அவனும் உசுரு வுடுவான்.

"அக்கா, மொதல்ல அந்த வைஃபை பேர அழிச்சுட்டுப் புதுசா சேருங்க."

சேத்தா. ஏறல.

"சரிக்கா, கருப்பு ஜன்னல் ஒண்ணு இருக்கும், அதைத் தொறங்க. நான் சொல்றத அப்படியே அடிங்க. வர்றத போட்டோ புடிச்சு அனுப்புங்க."

அடிச்சா. வரிவரியா என்னென்னமோ ஓடுச்சு, ஒரு எழவும் புரியல. போட்டோவப் பாத்துட்டு அவன் "ச்சே, இதானா!"ன்னான். "பாஸ்வேர்டு சரிதாங்கக்கா. புது மோடத்துல டபிள்யூபிஏ த்ரீன்னு புதுசா வந்த பூட்டு போட்டிருக்கான். இந்த லேப்டாப்புல இருக்கிற வைஃபை கார்டு பழசு, அதுக்கு டூ வரைக்கும்தான் தெரியும். கதவு புதுசு, சாவி பழசு, அவ்ளோதான். உங்க போன்ல மோடம் செட்டிங்குக்குள்ள போங்க, த்ரீய எடுத்துட்டு டூ போடுங்க."

போட்டா. மோடத்து வெளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது. லேப்டாப்பு ஒரு சுத்து சுத்துச்சு, ஏறிடுச்சு! துக்க வூட்டுல கைதட்டக் கூடாதுன்னு கைய மடக்கிக்கிட்டா.

"ரொம்ப தேங்க்ஸுப்பா"ன்னு போன வெச்சுட்டு, நீலச் சட்டையில தம்பி நிக்கிற போட்டோவ மெயில்ல ஏத்தி அனுப்புனா. "போயிடுச்சிப்பா, கடையில பாத்துட்டு வாங்க"ன்னு சொன்னதும் சுப்புராயன் சைக்கிள எடுத்துகிட்டுப் போனாரு. அப்புறம் வீடியோவ தனக்கு அனுப்பிக்கலாம்னு படமெல்லாம் சேத்து வெச்சிருந்த ஃபோல்டர் பெட்டியத் தொறந்தா.

கண்ணு முன்னால படமெல்லாம் ஒண்ணொண்ணா மறையுது. கொளஞ்சியப்பர் கோயில்ல எடுத்தது, காலேஜுல எடுத்தது, எல்லாம். எதைத் தொடுறது, எதை நிறுத்துறதுன்னு வேல்விழிக்குத் தெரியல. பதறிப்போயி லாரன்ஸ கூப்புட்டா.

"அக்கா, அவன் போனு எங்க இருக்குது?"

"சித்தப்பாகிட்ட. அப்பா உள்ள இருந்தத எல்லாம் அழிச்சுட்டுக் குடுத்தாரு. ஏன்டா?"

அவன் கத்துனான். "மோடத்தப் புடுங்குங்கக்கா! புடுங்குங்க!"

ஓடிப்போயி ஒயரைப் புடுங்குனா. திரும்பி வந்து பாத்தா பெட்டி காலி.

"போனையும் லேப்டாப்பையும் அவன் ஜோடி சேத்து வெச்சிருந்தான்க்கா"ன்னு லாரன்ஸ் மெதுவா சொன்னான். "ஒண்ணுல ஏத்துனா இன்னொண்ணுலயும் ஏறும். ஒண்ணுல அழிச்சா இன்னொண்ணுலயும் அழிஞ்சிடும். நெட்டு இல்லாததாலதான் இத்தினி நாளும் லேப்டாப்புக்கு சேதி தெரியாம இருந்திருக்குது. நான் கேட்டிருக்கணும்க்கா. அய்யோ, நான் மொதல்லயே கேட்டிருக்கணும்." அவன் அழுதான். "ஆஃப் பண்ணி வையுங்க. நான் வந்து எதுனா மீட்க முடியுதான்னு பாக்கறேன்"னான். அந்தப் பேச்சுல நம்பிக்கை இல்லைன்னு அவளுக்கே தெரிஞ்சுது.

தங்கம்மாள் பின்னாலதான் நின்னுகிட்டிருந்தா. ஸ்பீக்கர்ல பேசுனது பூராவும் கேட்டிருந்தா. ஒப்பாரி வெக்கப் போறா, தெருவே கூடப் போவுதுன்னு வேல்விழி பயந்தா. தங்கம்மாள் சுவத்தப் புடிச்சுகிட்டு மெல்ல தரையில உக்காந்தா.

"உங்கப்பாகிட்ட சொல்லாத"ன்னா.

"எம்மா..."

"சொல்லாதடி. தான் அழிச்சதுதான் இங்கயும் அழிஞ்சுதுன்னு தெரிஞ்சா அந்த மனுசன் நெஞ்சு வெடிச்சிடும். எனக்கு ஒரு சாவு போதும்."

வேல்விழி லேப்டாப்ப மூடி வெச்சா.

வாசல்ல சைக்கிள் சத்தம். சுப்புராயன் உள்ள வந்தாரு, கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. கடையில அந்த போட்டோவ ஆளு ஒசரத்துக்கு அடிச்சு நிறுத்தியிருந்தானாம். "அப்படியே எதுக்க வந்து நிக்கிற மாதிரி இருக்குதும்மா"ன்னாரு. வாயில துண்ட வெச்சு அடக்கிப் பாத்தாரு, முடியல, குலுங்கிக் குலுங்கி அழுதாரு. அவர அப்படி அவங்க ரெண்டு பேருமே பாத்தது இல்ல.

அழுது முடிச்சுட்டு, லேப்டாப்பு பக்கத்துல வந்து சம்மணம் போட்டு உக்காந்தாரு. "பாப்பா, அவன் பேசுறத போடு. நானும் ஒருதடவ கேக்கறேன்"னாரு.

வேல்விழி அம்மாவப் பாத்தா.

"கரண்டு இல்லைங்க. சார்ஜு எறங்கிடுச்சு. நாளைக்குக் கேக்கலாம்"னா தங்கம்மாள்.

தலைக்கு மேல ஃபேன் சுத்திகிட்டிருந்துச்சு. சுப்புராயன் அண்ணாந்து அதைப் பாத்தாரு. பொண்டாட்டி முகத்தப் பாத்தாரு, மவ முகத்தப் பாத்தாரு.

"சரி, நாளைக்கே கேக்கலாம்"னாரு. ஆனா எழுந்திரிக்கல.