ஸ்டெல்லாபாய் வாயில் வந்த வாக்கு

காலை எடுத்தால் ஆள் பிழைப்பார், எடுக்காவிட்டால் போய்விடுவார். விஷயம் இவ்வளவுதான். டாக்டரம்மா இதை மலையாளத்திலும் சொல்லிப் பார்த்தாள், தமிழிலும் சொல்லிப் பார்த்தாள். சர்க்கரை வியாதியில் கறுத்துப்போன பாதத்தோடு கட்டிலில் கிடந்த கிறிஸ்துதாஸ் அசைய வேண்டுமே! கையெழுத்துக் கேட்டால் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்.

புத்தாண்டு ஆராதனையில் அவர்கள் சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தட்டில் கையை விட வேண்டும். வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவரவருக்குச் சொன்ன வாக்கு. கிறிஸ்துதாஸுக்கு வந்தது, சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆண்டவர் ஆயுசைக் கூட்டிக் கொடுத்த வசனம். போதாதா மனுஷனுக்கு!

"ஆயுசைக் கூட்டுறேன்னவரு காலை வெட்டச் சொல்லுவாரா?" என்று நர்ஸிடமே மல்லுக்கு நின்றார்.

மனைவி ஸ்டெல்லாபாய் அவர் நீட்டிய அட்டையையே முறைத்தாள். அந்த அட்டை வந்த அன்று அல்லேலூயா என்று முதலில் கத்தியவளே அவள்தான். இப்போது கிழித்துப் போடலாமா என்று தோன்றியது. தோன்றியதற்கே பயந்துபோய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் கொழுந்தன் ஜஸ்டஸுக்கு போன் போட்டாள். அவர் வேதாகமக் கல்லூரியில் வாத்தியார், எபிரேய பாஷையெல்லாம் படித்தவர். போட்டது போட்டபடி ஓடி வந்தார்.

"அண்ணே, அதே அதிகாரத்தை முழுசாப் படி. தீர்க்கதரிசி ராஜாவுக்கு அத்திப்பழத்துல பற்றுப் போடச் சொல்றாரு. வாக்கும் உண்டு, வைத்தியமும் உண்டு."

"பற்றுதானே போடச் சொன்னாரு? ரம்பத்தை எடுக்கச் சொன்னாரா? சாலைக்கடை பஜார்ல அத்திப்பழம் கிடைக்கும், போய் வாங்கிட்டு வா!"

ஜஸ்டஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எசேக்கியாவுக்குச் சொன்னது அண்ணே! உனக்கு இல்ல. எவனோ அச்சாபீஸ்ல ஒத்த வரியை வெட்டி அட்டையில போட்டிருக்கான்."

கிறிஸ்துதாஸின் முகம் விழுந்துவிட்டது. "அப்போ எனக்குன்னு ஆண்டவர் ஒண்ணுமே சொல்லலையா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார். கிறிஸ்துதாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜஸ்டஸ் படித்த படிப்பு காரியத்தைக் கெடுத்ததுதான் மிச்சம்.

மத்தியானத்துக்குள் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப் போட்டது. "ரத்தத்தில் விஷம் கலந்நு போச்சு. இனி தாமசிக்க முடியாது, கேட்டோ," என்றாள் டாக்டரம்மா, பாதி மலையாளத்தில்.

ஸ்டெல்லாபாய் கட்டிலோரம் முழங்காலில் விழுந்தாள். ஆண்டவரே, இப்பவாவது ஒரு வார்த்தை சொல்லும், மெய்யான ஒரே ஒரு வார்த்தை என்று கெஞ்சினாள். சபையில் எத்தனை பேருக்குத் தீர்க்கதரிசன வரம் இறங்கி, அவர்கள் வாயில் ஆண்டவர் பேசியிருக்கிறார்! அவளுக்கு ஒருநாளும் இறங்கியதில்லை. இன்றைக்கும் இறங்கவில்லை. அவள் எழுந்தாள். வரம் இறங்கியவர்களிடம் ஞாயிறுதோறும் பார்த்துப் பழகிய அதே நடுக்கத்தை உடம்பில் வரவழைத்துக்கொண்டு, குரலை உயர்த்தினாள்.

"என் மகனே, பயப்படாதே! உன் காலை என்னிடம் கொடு. உன்னை நான் வைத்துக்கொள்வேன்!"

கிறிஸ்துதாஸ் தேம்பித் தேம்பி அழுதார். "பேசிட்டாரு ஸ்டெல்லா, எங்கிட்ட பேசிட்டாரு," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டி போனதும் ஜஸ்டஸ், "மைனி..." என்று இழுத்தார்.

"ஒண்ணும் பேசாதீங்க தம்பி. இது என்ன பாவம்னு எனக்குத் தெரியும். உங்க அண்ணன் உசிரோட வரட்டும்."

உயிரோடுதான் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? கால் போன வலியோடு, என் பெண்டாட்டி வாயில ஆண்டவர் பேசினார் என்று வார்டு முழுக்கச் சாட்சி சொன்னார். ஸ்டெல்லாபாய் சோறு இறங்காமல் கிடந்தாள். உண்மையை மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனாள். அவர் சந்தோஷத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த பிச்சம்மாள் வந்து ஸ்டெல்லாபாய் காலைப் பிடித்துக்கொண்டாள். பொன்முடி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். ஒரே மகன் செல்வகணேஷ் ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாக அந்தக் கட்டிலில் கிடந்தான்.

"தாயி, உங்க சாமி உங்ககிட்ட பேசுதாமே. எம்மவன் பிழைப்பானான்னு கேட்டுச் சொல்லுங்க."

"ஐயோ, எழுந்திரிங்கக்கா! டாக்டர் என்ன சொன்னாங்க?"

"கையை விரிச்சுட்டாங்க தாயி. இல்லேன்னா உங்ககிட்ட ஏன் வரேன்?"

"கேளு ஸ்டெல்லா, நிச்சயம் சொல்லுவாரு," என்றார் கிறிஸ்துதாஸ். கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டார்.

ஸ்டெல்லாபாய் ஜஸ்டஸைப் பார்த்தாள். "தம்பி, நீங்க படிச்சவரு. நான் இப்ப என்ன சொல்லணும்?" என்றாள் அழாக்குறையாக.

"தெரியலையே மைனி," என்றார் ஜஸ்டஸ்.

பிச்சம்மாள் காலை விடவில்லை. தலையை நிமிர்த்தி ஸ்டெல்லாபாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.