மிளகுத் தோட்டத்து இறக்கம்

ஈர்க்குக்குச்சியால் கிண்டக் கிண்ட, பெல்லின் கிண்ணத்துக்குள்ளிருந்து சேறு வந்துகொண்டேயிருந்தது. ஆஸிகா இன்னொரு வாளித் தண்ணீரைப் பிடித்துச் சைக்கிளில் ஊற்றினாள். பெல்லை அழுத்திப் பார்த்தாள். 'டொக்' என்றது, அவ்வளவுதான். வயல் சேறு பிடித்தால் இலேசில் விடாது.

மதிலோரம் வெள்ளைச் சேலைகளைக் கட்டி மறைத்த இடத்தில், அவளுடைய வாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆரு அங்கால பைப்பத் தொறந்தீக்கிற? இங்க தண்ணி நூல் மாதிரி வருது!" என்று மறைப்புக்குள்ளிருந்து ரிஸ்மி சாச்சா கத்தினார். வாப்பாவின் தம்பி. காலையிலிருந்து ஒரு சொட்டும் அழாமல் எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்தார்.

ஆஸிகா பைப்பை மூடினாள். வாப்பாவுக்குப் போகவேண்டிய தண்ணீரை வாப்பாவின் சைக்கிளுக்கு எடுத்துவிட்டோமே என்று நினைத்தாள். அவர் கேட்டால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

உம்மாவின் தங்கை அபீபா சாச்சி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"மகள், இந்த நேரத்தில சைக்கிள் கழுவுறீங்களே. சனம் கண்டா என்ன செல்லும்?"

"சேறு காஞ்சா பொறகு போகாது சாச்சி."

சனம் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருந்தது. ஒரு குமர்ப்பிள்ளை வெள்ளைக்காரர்களோடு சைக்கிள் மிதித்துக்கொண்டு ஊரூராய்த் திரிவதைப் பற்றிப் பேச, பிலிமத்தலாவையில் யாருக்கும் சோம்பல் இருந்ததில்லை. அவளுடைய வாப்பா பளீல் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர். சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர் அவர். ஊரெல்லாம் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கடை படுத்தபோது, வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப்போய்க் காட்டும் வேலையைப் பிடித்துக்கொண்டார். கண்டி வீதியின் புகையும் ஹோர்ன் சத்தமும் இரண்டு வளைவு தாண்டினால் கிடையாது. அதற்கப்பால் வயல் வரம்பு, மிளகுத் தோட்டம், மரச் செதுக்கல் தூண்கள் நிற்கும் எம்பெக்கே கோயில், கற்பாறைமேல் பழைய விகாரை. ஒரு வாகனத்தின் மூஞ்சியைப் பார்க்காமல் அரை நாள் மிதிக்கலாம் என்பது அவர் கொடுத்த உத்தரவாதம்.

இந்த முறை வந்தவர்கள் பிரான்சில் திராட்சை விளையும் ஒரு பக்கத்து ஆட்கள். "எங்கள் ஊரிலும் இப்படித்தான், கொடிகளுக்கு நடுவில்தான் பாதை" என்று லூசியன் என்ற கிழவர் இன்று காலை சொன்னார். வாப்பா முள்முருக்கு மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைத் தட்டிக் காட்டி, "உங்கட கொடி குடிக்கிறதுக்கு, எங்கட கொடி தும்முறதுக்கு" என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் விட்டார் ஒரு போடு. எல்லாரும் சிரித்தார்கள். அதுதான் அவர் பேசி ஆஸிகா கேட்ட கடைசிப் பேச்சு.

அவர் முன்னால் போவார், அவள் கடைசியில் வருவாள். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை. வரம்பில் திரும்பிப் பார்த்தால் நேரே வயலுக்குள்தான். அதனால் பேச்செல்லாம் பெல்லில். பின்னாலிருந்து அவள் ஒரு தரம் அடித்தால் எல்லாரும் இருக்கிறார்கள். மூன்று தரம் அடித்தால் யாரோ தடைப்பட்டுவிட்டார்கள், நில்லுங்கள். அவர் இரண்டு தரம் அடித்தால், அவசரமில்லை, ஆறுதலாக வா. விருந்தினர் சைக்கிள்களில் பெல்லே கிடையாது. ஒருமுறை ஒரு கூட்டம் விளையாட்டுக்கு அடித்து அடித்துப் பன்சலையில் பிக்குவின் பிரசங்கத்தைக் கெடுத்துவிட்டதிலிருந்து, வாப்பா எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். ஆக மொத்தம் இரண்டே பெல். ஒன்று அவருடையது, மற்றது அவளுடையது.

மிளகுத் தோட்டத்து இறக்கத்தில் லூசியனின் செயின் கழன்றது. மற்றவர்கள் வாப்பாவின் பின்னால் கீழே வயலுக்கு இறங்கிவிட்டார்கள். ஆஸிகா மூன்று தரம் அடித்தாள். கொஞ்சம் பொறுத்து இரண்டு தரம் பதில் வந்தது. தெளிவாக, வழக்கமான அதே இடைவெளியோடு.

அதைக் கேட்டபிறகு அவளுக்கு என்ன அவசரம்? ஆறுதலாகச் செயினை மாட்டினாள். தோட்டத்துப் பீலியில் விழுந்த தண்ணீரில் கை கழுவினாள். கிழவர் மிளகுக் காயைக் கடித்துவிட்டுத் துப்பியதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இறங்கிப் போனபோது மதகடியில் எல்லாரும் குனிந்து நின்றார்கள். லூசியனின் மகள் வாப்பாவின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். சைக்கிள் வயலுக்குள் தலைகுப்புறக் கிடந்தது. ஹேண்டில் முழுக்கச் சேற்றுக்குள் போயிருந்தது.

"இறங்கின உடனேயே விழுந்துவிட்டார். கத்தினோம். நீ மூன்று தரம் பெல் அடித்தது மேலே கேட்டது. எங்கள் சத்தம் கேட்டுத்தான் அடிக்கிறாய், வந்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்தோம்" என்று அந்த மகள் அழுதாள்.

ஆஸ்பத்திரியில், தள்ளுவண்டி பிடித்த ஆள் சிங்களத்தில் தன்பாட்டுக்குச் சொன்னான், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்று. அவன் அப்படி எல்லாரிடமும் சொல்கிறவனாக இருக்கலாம். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து கேள்விகள் கேட்டுக் கையெழுத்து வைத்து, வாப்பாவை மையத்தாக வீட்டுக்குக் கொண்டுவரும்வரை அந்த ஒரு சொல்தான் அவளைத் தின்றது.

அவள் மூன்று தரம் அடிப்பதற்கு முன்பே வாப்பா விழுந்துவிட்டார். அவருடைய பெல் சேற்றுக்குள். சேற்றுக்குள் கிடக்கிற பெல் அடிக்காது. அதை இப்போது கையால் அமுக்கியும் பார்த்துவிட்டாள். அப்படியென்றால் அந்த இரண்டு சத்தம்? உண்மையாகவே கேட்டிருந்தால், அவரே ஆறுதலாக வரச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்காமல் கேட்டதாக நினைத்திருந்தால், வாப்பா மூச்சுக்குத் தவித்தபோது மகள் பீலியில் கை கழுவி விளையாடியிருக்கிறாள். இதைத் தாங்கிக்கொண்டு எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அறைக்குள் உம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஆஸிகா பக்கத்தில் போய் இருந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மகள், வாப்பா கடைசியா ஒண்டும் செல்லல்லயா?"

ஆஸிகா வாயைத் திறந்தாள். சொல்லலாம் போலத்தான் இருந்தது. சொன்னால், எத்தனை மணிக்கு, நீங்க எங்க நிண்ட, ஏன் சுணங்கின என்று கேள்விகள் ஒவ்வொன்றாய் வரும். "நான் பின்னுக்குத்தானே உம்மா வந்த" என்று மட்டும் சொன்னாள். உம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் கன்னத்தில் விழும் ஓர் அறையைவிட மோசமாக இருந்தது.

பிற்பகல் அஸர் தொழுகை நெருங்கும்போது வாசலில் வான் வந்து நின்றது. பிரான்சுக்காரர்கள். நுவரெலியாவுக்குப் போகிற வழியில் சாரதியை இங்கே நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் ஹோட்டல் துவாயைத் தலையில் போட்டிருந்தார்கள். முக்காடு என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். வேறு நாளென்றால் ஊர்ப் பெண்கள் சிரித்தே செத்திருப்பார்கள். இன்று அவர்களுக்குக் கதிரை போட்டுப் பிளேன்டீ கொடுத்தார்கள்.

தோளில் தூக்கும் சந்தூக்குப் பெட்டியில் வாப்பாவை வைத்தாகிவிட்டது. கபன் துணிக்குள் வாப்பா இன்னும் நீளமாகத் தெரிந்தார். எல்லாரும் கடைசியாக முகம் பார்த்தார்கள். கற்பூர வாசனையோடு லேசாகக் கிறீஸ் வாசனையும் வந்ததாக ஆஸிகாவுக்குப் பட்டது. எத்தனை தரம் கழுவினாலும் அவர் நகத்திலிருந்து அது போனதில்லை.

சாச்சா அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "மகள், அந்த வெள்ளக்காரங்கள அனுப்பிடுங்க. இப்ப மையத்த எடுக்கப் போற. வானும் பாதைய மறிச்சிட்டு நிக்கிது."

இப்போது கேட்காவிட்டால் இனி ஒருபோதும் கேட்க முடியாது. உலகத்தில் அந்த நேரம் அவளோடு மேலே நின்றது ஒரே ஒரு மனிதர்தான். அவர் வேலியோரம் தனியாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸிகா நேரே போய் நின்றாள். கேட்கப் பயமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால்?

"சேர், செயின் கழன்ற இடத்தில... நான் பெல் அடிச்சேன். அதுக்குப் பிறகு உங்களுக்கு ஏதாவது கேட்டதா?" என்றாள் ஆங்கிலத்தில்.

லூசியன் யோசிக்கவேயில்லை. "கேட்டது. இரண்டு தரம்."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கேட்டிருக்கிறது. அவள் கற்பனை பண்ணவில்லை.

"அப்போதே உன்னிடம் கேட்க நினைத்தேன். அப்பா எப்படி நமக்குப் பின்னால் வந்தார் என்று" என்றார் கிழவர்.

"பின்னாலயா?"

"ஆமாம். மேலேயிருந்து. நாம் இறங்கி வந்த பக்கம், கொடிகளுக்குள்ளேயிருந்து." ஆங்கிலம் போதாமல், தன் தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினார். "மிகவும் கிட்ட. நான் திரும்பிப் பார்த்தேன். நீ செயினிலேயே இருந்தாய்."

"ஆரக் கண்டீங்க?" தமிழில் கேட்டுவிட்டாள். அவருக்கு அது விளங்கியது.

"யாருமில்லை" என்றார். பிறகு, பிழையாக ஏதோ சொல்லிவிட்டோமோ என்ற முகத்தோடு அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வானுக்குப் போனார்.

ஆஸிகா வெயிலில் நின்றாள். கழுத்துக்குப் பின்னால் மயிர் கூச்செறிந்தது. இத்தனை வருஷமாய் அவளுக்குப் பின்னால் யாரும் வந்ததில்லை. கடைசி ஆள் அவள்தான். பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் அவளை அதிகமாகப் பயப்படுத்தியது.

"மகள்! உள்ளுக்கு வாங்க, எடுக்கப் போற!" என்று அபீபா சாச்சி கூப்பிட்டாள்.

அவள் ஓடிவந்து முன்வாசல் நிலையில் நின்றாள். இதற்கு மேல் பெண்கள் போவதில்லை. சாச்சா சந்தூக்கின் முன்காலைத் தோளில் வாங்கினார். வாங்கியதும் அவர் வாய் கோணி, மூன்று நான்கு அடிக்கு ஒரு சின்னப் பிள்ளையைப் போல அழுதார். பிறகு எல்லாரோடும் சேர்ந்து கலிமாச் சொல்லத் தொடங்கினார். சந்தூக்கு கேட்டைத் தாண்டியது. ஊர் ஆண்கள் பின்னால் போனார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி, தொப்பிகள் ஒவ்வொன்றாய்ச் சந்துக்குள் இறங்கி மறைந்தன. பள்ளிக்கும் மையவாடிக்கும் வயலோரம் குறுக்குப் பாதை இருந்தது. அதில் வாகனம் போகாது. கலிமாச் சத்தம் வயல் பக்கம் போய் மெலிந்தது.

உம்மாவின் அறையில் பெண்கள் யாசீன் ஓதத் தொடங்கியிருந்தார்கள். சாச்சியும் அங்கே போய்விட்டாள். ஆஸிகாவுக்குப் பின்னால் கூடம் வெறுமையாகக் கிடந்தது. சந்தூக்கு இருந்த இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

தான் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. வரம்பில் பின்னால் வருகிறவருக்கு வழி விடுவதைப் போல, ஓர் ஆள் தாண்டிப் போகும் அளவுக்கு நிலையோடு ஒட்டி ஒதுங்கி நின்றாள்.