பிரிந்திலுக்குக் குளிர்

என் கணவர் ஹெர்னோவோவைக் கஞ்சன் என்று மலாங் நகரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. அவர் காதுபடவே சொல்வேன். சும்மா ஒன்றும் சொல்லவில்லை, கதையைக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

அவர் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறவர். பிரிந்தில் என்று சுருட்டை முடிக்கார ஆடு ஒன்றுதான் அவர் கதாநாயகன். தின்னக் கூடாததையெல்லாம் தின்றுவிட்டு முழிக்கும். செருப்பு, தேர்தல் சுவரொட்டி, பள்ளிக்கூட மணிக் கயிறு எதையும் விடாது. பல வருஷங்களாகக் கெட்டித்தாளில் மைப்பேனாவால் வரைந்து, கூரியரில் சுரபாயாவிலிருக்கும் பதிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் பதிப்பகத்திலிருந்து ஆசிரியர் சுயாத்னா போன் செய்தார். இனிமேல் தாள் வேண்டாம், எல்லாம் கணினியில் வரைந்து கோப்பாகத்தான் வரவேண்டும், திருட்டு மென்பொருளில் செய்தது செல்லாது என்றார். கையோடு இன்னொன்றும் சொன்னார். நல்ல மென்பொருளாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பாதிப் பணம் நாங்கள் தருகிறோம் என்றார். எந்தப் பதிப்பகம் இப்படிக் கேட்காமலே கொடுக்கும்? எனக்கு நம்பவே முடியவில்லை.

மூன்று மென்பொருள்கள் எங்கள் முன்னால் நின்றன. ஒன்று பெரிய பேர் எடுத்தது. ஆனால் வாடகை வீடு மாதிரி. மாதாமாதம் கட்டவேண்டும், கட்டாவிட்டால் நம் படத்தையே நமக்குத் திறந்து காட்டாது. இரண்டாவது ஒரே ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், நம்முடையது. எனக்கு அதுதான் பிடித்தது. பதிப்பகம் கொடுக்கும் பாதியோடு, வீட்டுக்கு வாங்க நினைத்திருந்த புது மெத்தையைத் தள்ளிப் போட்டால் முடிந்தது. மூன்றாவது இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதன் மெனுக்களில் பாதி நம் இந்தோனேசிய மொழி, மீதி என்ன மொழியோ.

இவர் மூன்றையும் இறக்கி வைத்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சோதித்தார். நான் காப்பி கொண்டுபோனபோதெல்லாம் வட்டம்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வட்டம், அதை அழித்துவிட்டு இன்னொரு வட்டம். ஆடு வரைகிற மனுஷன் வட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் வெளியே வந்து, அந்த இலவசமே போதும் என்றார்.

"பாதிக் காசு அவங்க குடுக்கறேங்கறாங்க. அப்பவும் ஓசிதான் வேணுமா மாஸ் உங்களுக்கு?" என்றேன். மாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

"இதுல கோடு நல்லா வருது, ரத்ரி."

"எல்லாத்துலயும் கோடு கோடுதான்."

அவர் சிரித்தார். பதில் சொல்ல இஷ்டமில்லாதபோது அவருக்கு ஒரு சிரிப்பு உண்டு, அந்தச் சிரிப்பு. இறைச்சி உருண்டை விற்கும் பக்ஸோ கடைக்காரரிலிருந்து என் தங்கை வரை எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லி நான் அவர் மானத்தை வாங்கினேன்.

அந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ளப் பட்ட பாடு இருக்கிறதே! பாண்டுங்கிலிருந்து ஒரு பையன் வீடியோவில் பாடம் நடத்துவான். ரயில் பிடிக்கப் போகிறவன் மாதிரி பேசுவான். நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பக் கேட்டு, நாங்கள் இருவரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து படித்தோம். கோட்டுக்கு ஓர் அடுக்கு, வண்ணத்துக்கு ஓர் அடுக்கு, வானத்துக்கு ஓர் அடுக்கு என்று கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது மாதிரி. இவர் ஒருநாள் முழுப் பக்கத்தையும் ஒரே அடுக்கில் வரைந்துவிட்டு, மழையை அழிக்கப் போய் வீட்டையும் சேர்த்து அழித்தார். நான் வானத்துக்கு நீலம் ஊற்றினேன், ஆட்டின் வயிற்றுக்கோட்டில் எங்கேயோ துளி இடைவெளி இருந்திருக்கிறது, அது வழியாக உள்ளே போய்ப் பிரிந்தில் முழு நீலமாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அதற்கப்புறம் வண்ணம் என் வேலையாகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தொழிலுக்குள் நான் கால் வைத்தது அப்போதுதான். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

முதல் புத்தகத்தின் கோப்புகள் போனதும் சுயாத்னா போனில் உருகினார். கோட்டில் ஒரு பிசிறு இல்லை, பாக் ஹெர்னோவோவுக்கு வயதே குறைந்துவிட்டது என்றார். ஐயா என்கிற மரியாதைக்கு எங்கள் ஊரில் பாக் என்போம். நான் பூரித்துப்போய் நின்றேன். இவர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கொல்லையில் துணி காயும் கொடியடியில் போய் நின்றார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவர் தொழுகைக்குப் போயிருந்தபோது, ஆட்டின் ஒரு காதுக்குக் கோடு விட்டுப்போயிருந்ததைப் பார்த்தேன். இது என்ன பெரிய வித்தை, நானே போட்டுவிடுகிறேன் என்று கணினியோடு இணைத்திருந்த வரைபலகையில் பேனாவை வைத்து இழுத்தேன். கோடு வரவில்லை. நான் காதை முடித்துப் பேனாவை எடுக்கப் போகிற சமயத்தில், பின்னாலிருந்து மெல்ல ஊர்ந்து வந்து, வழவழவென்று ஒரு வளைவாக நின்றது. நான் போட்ட காது அது இல்லை. என் கிறுக்கலையெல்லாம் தேய்த்து, அதுவாகவே அழகாக்கி வைத்திருந்தது. தேடிப் பார்த்தால் ஸ்டெபிலைசர் என்று ஒரு வசதி. கை ஆடினாலும் கோடு ஆடாமல் பிடித்துக்கொள்ளுமாம். அதன் அளவுப்பட்டையைக் கடைசி முனை வரை தள்ளி வைத்திருந்தார்.

வந்ததும் கேட்டேன். ஓசியில் வந்தது அப்படித்தான் இருக்கும் என்று என் வசனத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார். அப்படி வா வழிக்கு என்று நானும் விட்டுவிட்டேன். கடைத்தெருவில் சிநேகிதர்களோடு காப்பி குடிக்கப் போவதை அவர் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். வீட்டிலும் டம்ளரில் பாதிதான் ஊற்றச் சொல்வார். வயது ஏற ஏற மனுஷனுக்குக் கஞ்சத்தனம் காப்பியில்கூட வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு பேச்சு பேசினேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. நகர நூலகத்தில் விழா. குழந்தைகள் வரிசையாக வருவார்கள், ஒவ்வொரு புத்தகத்திலும் இவர் ஒரு பிரிந்தில் வரைந்து கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். முந்தைய புத்தகங்களுக்கெல்லாம் கேட்காமலே ஓடிப்போய்ச் செய்தவர். இந்தத் தடவை முடியாது என்றார். முதலில் வயிறு சரியில்லை, அப்புறம் தொண்டை, அப்புறம் மோட்டார்சைக்கிள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மனிதராகிவிட்டீர்கள், குழந்தைகள் காத்துக் கிடக்கட்டும் என்று கத்திவிட்டு, சுயாத்னாவைக் கூப்பிட்டு அவர் வருவார் என்று நானே சொல்லிவிட்டேன்.

"நீயே சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

"சரி."

அவ்வளவுதான். தன் பாத்திக் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

அது ஜூலை மாதம், மலைமேல் இருக்கும் எங்கள் மலாங்கில் குளிர்காலம். குழந்தைகள் எல்லோரும் குளிருக்கு ஜாக்கெட் போட்டு உருண்டை உருண்டையாக வந்திருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாக முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக் கொடுத்தேன். முதலில் வந்தவள் முன்பல் விழுந்த ஒரு சிறுமி. இவர் பேனாவை எடுத்தார்.

ஆட்டின் முதுகை எப்போதும் ஒரே வீச்சில் போடுவார். அன்றைக்கு அந்தக் கோடு எறும்பு போன தடம் மாதிரி நெளிந்து நெளிந்து போயிற்று. மேஜை ஆடுகிறது என்று நினைத்து நான் மேஜையைப் பிடித்தேன். மேஜை ஆடவில்லை. அவர் கையைப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் இருந்த இடது கையும் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. அந்த வட்டங்கள், பாதி டம்ளர் காப்பி, ஊர்ந்து வந்த காது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எனக்குப் புரிந்தன.

சிறுமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக், பிரிந்திலுக்குக் குளிருதா?"

இவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஆமாம்மா. ரொம்பக் குளிருது."

"அப்ப ஒரு சாரோங் போத்தி விடுங்க."

போர்த்திவிட்டார். கட்டம் போட்ட சாரோங். ஒரு கட்டமும் கட்டமாக இல்லை. அடுத்து வந்த பையன் தனக்கும் குளிர்கிற ஆடுதான் வேண்டும் என்றான். அப்புறம் வரிசையில் இருந்த எல்லோருக்கும் அதுவே வேண்டும் என்றாகிவிட்டது. ஒரே சிரிப்பும் கூச்சலும். சுயாத்னா படம் எடுத்துக்கொண்டே, புதுப் பாணி பிரமாதம், பிரிந்திலுக்குக் குளிர்காய்ச்சல் என்றே அடுத்த புத்தகம் போட்டுவிடலாம் என்றார். அந்த நல்ல மனிதரை அறைந்துவிடலாம் போலிருந்தது எனக்கு. இவர் தலையாட்டிச் சிரித்தபடி வரைந்துகொண்டே இருந்தார்.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். அவர் பேனாவுக்கு மூடி போடப் பார்த்தார். மூடி பேனாவில் போய்ச் சேரவில்லை.

"எப்பலேர்ந்து மாஸ்?"

மூடியை மேஜையில் வைத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே தனியாகப் போய் வந்துவிட்டாராம். நரம்பு வியாதியாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். ஏதோ அடுத்த வீட்டுக்காரர் விஷயம் மாதிரி சொன்னார்.

"சாஃப்ட்வேர் பாத்தோமே, அதுக்கும் முன்னாடியே தெரியும். மத்த ரெண்டுலயும் வட்டம் போட்டா வட்டமாவே வரல. இது ஒண்ணுதான் என் கையைத் தாங்குச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊரெல்லாம் உங்களைக் கஞ்சன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே."

"சொல்லிட்டுப் போ. நடுங்குதுன்னு சொல்றதுக்கு அது எவ்வளவோ தேவல." பிறகு குரல் தாழ்ந்தது. "அந்தப் பட்டையைக் கடைசி முனை வரைக்கும் தள்ளியாச்சு ரத்ரி. அதுக்கு மேல தள்ள அதுல இடமில்ல."

மீதியிருந்த ஒரு புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். எனக்கும் ஒன்று போடுங்கள் என்றேன்.

வரைய ஆரம்பித்தார். முதுகு நெளிந்தது. வயிறு நெளிந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எட்டி அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். ஒரு விரற்கடை தூரத்துக்குக் கோடு நேராக வந்தது.

"விடு ரத்ரி."

"பிடிச்சுக்கறேனே மாஸ்."

"நீ பிடிச்சா அது உன் கோடு. என் கைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு, விடு."

விட்டேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் கொம்பைப் போட்டார், அப்புறம் இரண்டாவதைப் போட்டார். முடிகிறவரை நான் அழுதுகொண்டே, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.