முன்வாசல் கவாத்து

1

இந்தக் கதை ஒரு சுற்றறிக்கையிலிருந்து பிறந்தது. அதைத் தட்டச்சு செய்தவன் நான், மருத்துவமனை அலுவலகத்தில் எழுத்தர். கதையெல்லாம் வீட்டில்தான் எழுதுவேன். இதை மட்டும் வயிற்றெரிச்சலில் அலுவலக மேசையிலேயே எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: 'தோட்டக்காரம்மா அன்று காலை மலர்ந்த முகத்துடன்...' [அடித்துவிட்டேன். அவள் முகத்தை நான் என்றைக்குச் சரியாகப் பார்த்தேன்?]

2

முன்வாசலில் பன்னிரண்டு செடிகள். ஊதாப் பூ மணிமணியாகத் தொங்கும் வகை. அழகுக்கு வளர்ப்பது, எங்கள் மலையூர்க் குளிர் பட்டால் கருகிவிடும். குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் வைத்து, சலவை அறைச் சன்னலோரம் தோட்டக்காரம்மா அவற்றைக் காப்பாற்றினாள். குளிர் விட்டதும் காய்ந்த கிளைகளைக் கழித்தாள். பத்து நாள் பகலில் வெளியே, வெயில் சாய்ந்ததும் உள்ளே என்று தூக்கித் தூக்கிப் பழக்கிய பிறகுதான் மண்ணில் நட்டாள். போன வாரம் செடி முழுக்க மொட்டு.

அப்போதுதான் என் சுற்றறிக்கை: 'வெள்ளி காலை ஏழு மணி, முன்வாசலில் கவாத்து. தவறக் கூடாது.' பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், காவலாளிகள் அணிவகுத்துப் பழக வேண்டும். மேலாளர் அதைக் கவாத்து என்பார். செடியை வெட்டிவிடுவதற்கும் அதே சொல்தான். காவலாளிகள் இடது வலது போட வந்தபோது, பன்னிரண்டு செடியும் முழங்கால் உயரத்தில் மொட்டையாக நின்றன.

(சிரித்தீர்கள்தானே? மேலாளரும் முதலில் சிரித்தார். பிறகு 'என் கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்' என்று அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் அதைக் காட்டியே வேலையை விட்டு அனுப்புவார். போடாவிட்டால் திமிர் என்று அனுப்புவார்.)

3

பாத்திரத்தின் மேல் ஒரு சந்தேகம். இத்தனை வருஷம் செடியோடு கிடந்தவளுக்கு, மொட்டு விட்டதை வெட்டக் கூடாதென்று தெரியாதா? அல்லது மேலாளர் மேலிருந்த கோபத்தில் வேண்டுமென்றே... [இதை முடிக்க வெட்கமாக இருக்கிறது.]

முடிவு ஒன்று: மூன்றே வாரத்தில் துளிர் விட்டு, முன்னைவிட இரண்டு மடங்கு பூக்கிறது. எல்லோர் கண்ணும் கலங்குகிறது. த்தூ! செடி துளிர்க்கும், அது அதன் குணம். போன வேலை துளிர்க்குமா?

முடிவு இரண்டு: மேலாளரை அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டியதை அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள். மேலாளரிடம் அல்ல.

4

வியாழன் மதியம் சுற்றறிக்கையோடு என் சன்னலுக்கு வந்தாள்.

"தம்பி, மொட்டு விட்டிருக்கு. இப்பப் போயி கவாத்தா? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

நான் தொலைபேசியில் இருந்தேன். என் கதையொன்றை ஒரு பத்திரிகை எடுத்துக்கொண்டதாம். தலை நிமிரவில்லை.

"எழுதியிருக்கற மாதிரி செய்யுங்கக்கா."

செய்தாள். இதை மூன்று பகுதி மறைத்துவிட்டு, அவள் புத்தியைச் சந்தேகித்து எழுதினேனே, நானும் ஒரு மனுஷனா?

5

அந்த வருத்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். சற்று முன் வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"எங்க போடணும் தம்பி?"

ஒரு சொல் பிழையாக இருக்கிறது, இருங்கள் என்று சொல்லிவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் சன்னலுக்கு வெளியேதான் நிற்கிறாள். இந்த முறையும் நான் தலை நிமிரவில்லை. கடிதத்தின் அடியில் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. இத்தனையும் படித்தவர் நீங்கள். அங்கே யார் பெயரென்று சொல்லித் தொலையுங்கள்.