மாமனார் வாங்கியது, எதற்கென்று தெரியாது

கீழ்க்கடைத் தையல்காரர் மாடியேறி வந்தபோது அவர் கையில் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. கொடியில் உலர்த்துவதுபோல் அதை எங்கள் முன் விரித்துப் பிடித்தார். முதுகில், சரியாக நடுவில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓரமெல்லாம் பழுப்பேறித் தொட்டால் உதிரும் பதத்தில் இருந்தது. ஓட்டை வழியாக அவர் கண் ஒன்று எங்களைப் பார்த்தது. அதில் நட்பு இல்லை.

"அளவு குடுக்கும்போது கஸ்டமர் இந்த எடத்துல ஜன்னல் கேக்கல டீச்சர்."

"டீச்சர் இல்ல. லேப் அசிஸ்டென்ட்," என்றாள் அத்தை.

வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்புக்காரரை இப்படித்தான் முதலில் திருத்துவாள். பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் புட்டிகளைத் துடைப்பதும் அவற்றில் பெயர் ஒட்டுவதுமே அவள் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகு கையை அடக்க முடியவில்லை. எங்கள் வீட்டு உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டி, கீழே 'தூள்' என்றும் ஒட்டியிருப்பாள். தெரியாததை எழுதக் கூடாது, தெரிந்ததை எழுதாமல் விடக் கூடாது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிக்கு அவள்தான் தலைவர், அவள்தான் தொண்டர்.

கட்சி என்பது பேச்சுக்கு. முறையாகச் சொன்னால் அது 'நச்சுப் பொருள் விழிப்புணர்வுக் கழகம்'. தையல்கடைக்கு மேலே பலகைத் தளம் போட்ட ஒரே அறைதான் தலைமையகம். கூட்டம் என்று அறிவித்தால் அத்தையும் மின்விசிறியும் வருவார்கள். மற்ற உறுப்பினர்கள் வாட்ஸ்அப்பில் கும்பிடு போடுவார்கள். நான் உறுப்பினர்கூட இல்லை. கல்லூரியில் 'நிலையான வளர்ச்சியில் குடிமைச் சமூகத்தின் பங்கு' என்று ஒரு திட்ட அறிக்கை தரவேண்டியிருந்தது. குடிமைச் சமூகத்தை எங்கே போய்த் தேடுவது என்று விழித்தபோது, அது எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது.

சட்டையில் விழுந்த ஓட்டைக்கும் எனக்கும் தொடர்பு உண்டு. அறிவிப்பை எழுதியவன் நான். 'உங்கள் வீட்டிலுள்ள ஆபத்தான வேதிப்பொருட்களை எங்களிடம் ஒப்படையுங்கள். கேள்வி கேட்க மாட்டோம். துணிப்பை இலவசம்.' மாதக் கடைசியில் நகராட்சி வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிச் சென்று பத்திரமாக அழிக்கும் என்று ஓர் அதிகாரி வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். முதல் வாரம் ஈ, எறும்புகூட வரவில்லை. பிறகு பை நல்ல கெட்டித் துணி என்ற செய்தி பரவியது. அதன்பின் படிக்கட்டு தாங்கவில்லை. கழிப்பறை கழுவும் ஆசிட், ரோஜாச் செடிக்கு அடித்த மருந்து, மூடிப்போன போட்டோ ஸ்டூடியோவின் புட்டிகள், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புது பினாயில். ஒருவர் ஒரே ஆசிட்டை மூன்று பாட்டிலில் ஊற்றி மூன்று தடவை வந்தார். அத்தை மூன்று பையும் கொடுத்தாள். "வீட்டுல மூணு பேரு இருப்பாங்கடா," என்றாள்.

கேள்வி கேட்க மாட்டோம் என்று நான் எழுதியதை அத்தை மதிக்கவில்லை. ஒவ்வொருவரையும் நிற்கவைத்து விசாரித்து, கிடைத்த பதிலை அப்படியே லேபிளில் எழுதி ஒட்டினாள். 'கறுப்புத் திரவம். நெடி உண்டு. கொடுத்தவர் மூடியைத் திறக்க மறுத்தார்.' 'வெள்ளைப் பொடி. எலிக்கு வைத்தது. எலி நலமாக இருக்கிறது.' 'நீலத் திரவம். மாமனார் வாங்கியது, எதற்கென்று தெரியாது.' ஆசிட் ஒரு சுவரோரம், பிளீச்சிங் பவுடர் எதிர்ச் சுவரோரம், நடுவில் அவள் நாற்காலி. சண்டைக்காரச் சம்பந்திகளைக் கல்யாணத்தில் உட்காரவைக்கும் பக்குவம்.

மாதம் முடிந்தது. வாய்மொழி அதிகாரி மாற்றலாகிப் போனார், வாயையும் கூடவே எடுத்துக்கொண்டு. வண்டி வரவில்லை. ஊரிலிருந்த ஆபத்தெல்லாம் வீடுகளை விட்டுக் கிளம்பி ஒரே அறையில் கூடிவிட்டது. இப்போது ஒரு பாட்டில் அடியில் விரிசல் விட்டு, பலகை இடுக்கு வழியாகத் தையல்கடைக்குள் சொட்டியிருந்தது.

அத்தை அந்தப் பாட்டிலை மணல் வாளிக்குள் இறக்கிவிட்டு நகராட்சிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோரும் கேட்டோம்.

"வண்டியெல்லாம் இல்லீங்க. அப்படி ஃபைலே இல்ல. வேணும்னா ஒரு புகார் குடுங்க, வந்து ரூமுக்கு சீல் வைக்கறோம்."

"உள்ள இருக்கற பாட்டிலு?"

"அது உள்ளயே இருக்கும். அதுக்குத்தானங்க சீலு."

தையல்காரர் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சட்டை போனாப் போவுது. பாப்பாதான் ரெண்டு நாளா இருமிக்கிட்டே இருக்கா. ராத்திரி வாந்தி. டாக்டரு என்ன பொகைன்னு கேக்குறாரு. மேல ஒரு கழகம் இருக்குன்னேன். கழகத்துலருந்து பொகை வருமாங்கறாரு."

அத்தை கீழே இறங்கினாள். நானும் போனேன். வெட்டு மேசைக்கு அடியில், துணித் துண்டுகளுக்கு நடுவே, தையல்காரரின் மகள் சம்மணமிட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா வேலை முடிந்து வரும்வரை அதுதான் அவள் இடம். நாங்கள் கொடுத்த துணிப்பையை நான்காக மடித்து மூக்கோடு கட்டியிருந்தாள். 'நஞ்சில்லா வீடு' என்று நான் எழுதிய வாசகம் அவள் வாய்க்கு நேரே இருந்தது. ஒவ்வோர் இருமலுக்கும் அது உப்பி உப்பி அடங்கியது. திட்ட அறிக்கைக்குப் புகைப்படம் இல்லை என்று பேராசிரியர் குறைபட்டிருந்தார். நான் போனை எடுக்கவில்லை.

"கொஞ்ச நாளைக்கு இவளை வேற எங்கயாச்சும் உக்கார வைக்கக் கூடாதா?" என்றாள் அத்தை.

"எங்கக்கா வைக்க? கடையத் தோள்ல போட்டுக்கிட்டா போக முடியும்?"

டீச்சர் போய் அக்கா ஆகியிருந்தாள். அத்தை திருத்தவில்லை.

அன்று மாலையே சட்டைக்குச் சொந்தக்காரர் வந்தார். பாத்திரங்களுக்கு முலாம் பூசும் பட்டறை வைத்திருப்பவர். ஊரில் அவருக்குப் பீப்பா என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அது அத்தை எழுதிய மனுக்களிலிருந்து வந்த பெயர். அவர் பட்டறைக்குப் பின்சந்தில் பெயர் ஒட்டாத ஆசிட் பீப்பாய்கள் வருஷக்கணக்கில் நின்றிருந்தன. அத்தை மனு மேல் மனுவாகப் போட்டு, கடைசியில் அவர் கழிவை அழிக்கும் ஆலைக்கு அனுப்ப லைசென்ஸ் எடுக்கும்படி ஆகிவிட்டது. அதற்குப் பின் இருவரும் தெருவில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

கதவருகே நின்று அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தீபாவளிப் பரிசு விழுந்தவர்போல என்று எழுதத் தோன்றுகிறது. அதைவிட அதிகமாகவே மகிழ்ந்தார்.

"என் சட்டைய எரிச்சது நீங்கன்னு சொன்னாங்க. நம்பல. இப்ப நம்பறேன். என் பட்டறையே தேவல போலருக்கே டீச்சரம்மா!"

"லேப் அசிஸ்டென்ட்."

"சரி. உக்காரச் சொல்ல மாட்டீங்களா? எங்க உக்கார, எல்லாம் வெடிக்கும் போல."

அத்தை தன் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கீழேயிருந்து இருமல் கேட்டது. நிற்கும் என்று காத்திருந்தோம். நிற்கவில்லை. அவர் சிரிப்பு தானாகவே தீர்ந்துபோனது.

"அது அந்தக் குட்டியா?"

அத்தை தலையாட்டினாள்.

"வெள்ளிக்கிழம என் கழிவு வண்டி வருது," என்றார், வேறு யாரிடமோ பேசுவதுபோல. "அழிக்கற ஆலைக்குப் போறது. உங்க புண்ணியத்துல ஊர்லயே எனக்கு மட்டுந்தான் அந்த வண்டி. பீப்பா ரெண்டு மூணு காலியா இருக்கு. மணலக் கொட்டி உங்க பாட்டில நிக்க வெச்சு ஏத்திரலாம்."

"பீப்பால என்ன லேபில் ஒட்டுவீங்க?"

"முலாம் கழிவு. என் லைசென்ஸுல அது ஒண்ணுதான் இருக்கு. வேற எதுன்னாலும் வாசல்லயே திருப்பிருவான்."

"இது முலாம் கழிவு இல்லையே."

பீப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. "தம்பி, உங்கத்தை அஞ்சு வருஷமா என்னை லேபில் ஒட்டுடா, லேபில் ஒட்டுடான்னு வாட்டுனாங்க. இன்னிக்கு நானா ஒட்டறேங்கறேன், வேணாங்கறாங்க."

"அங்க மூடியத் தொறக்கறவன் முலாம் கழிவுன்னு நெனச்சுத்தான தொறப்பான்?" என்றாள் அத்தை. "அப்படியே ஒண்ணுமேல ஒண்ணு கவுத்துட்டான்னா? அவனுக்கும் ஒரு பொண்ணு எங்கயாச்சும் மேசைக்கடியில உக்காந்திருக்கும்ல."

எனக்குத் தெரிந்து அத்தை அன்றுதான் முதல்முறையாக ஒரு லேபிளுக்கு முன் திகைத்து நின்றாள். தலைக்கு மேலே மின்விசிறி, கழகத்தின் மற்றோர் உறுப்பினர், கருத்துச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி இருமல். அத்தை எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், பிறகு திறந்தாள். இரண்டினாலும் ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும்.

"வெளிய உங்க லேபில் இருக்கட்டும்," என்றாள் கடைசியில். "உள்ள ஒவ்வொரு பாட்டில்லயும் என் லேபில் இருக்கும். மூடியத் தொறந்ததும் கண்ணுல படறாப்ல ஒரு அட்டையும் வைப்பேன். இது முலாம் கழிவு இல்ல, ஒண்ணோட ஒண்ணு கலக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்கன்னு. என் பேரு, நம்பரு."

"என் லைசென்ஸு?"

"அது உங்க கவல. தெரியாம வைக்கல. சொல்லிட்டு வைக்கிறேன்."

பீப்பா கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "அட்டைய மணலுக்கு அடியில வைக்கலாம்ல?"

"மேல."

அவர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஒரு பல்லிகூட இல்லை. "நான் எதையும் பாக்கல," என்றார் சுவரிடம்.

வெள்ளிக்கிழமை பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். பீப்பாவின் ஆட்கள் கையுறையும் கண்ணாடியும் போட்டிருந்தார்கள். அத்தையின் பழைய மனுக்களில் ஒன்று அதைப் பற்றியது. சண்டைக்காரச் சம்பந்திகளைத் தனித்தனிப் பீப்பாயில் ஏற்றினாள். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஓர் அட்டை. வெளியே 'முலாம் கழிவு' என்ற லேபிளை அவளே வாங்கி ஒட்டினாள். கோணலாக ஒட்டினாள். அவள் கோணலாக எதையும் ஒட்டி நான் பார்த்ததில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, மேலே போய்ப் பலகையைச் சோடா உப்புப் போட்டுக் கழுவினாள்.

அதன்பிறகு அவள் போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. மணி அடித்தால் முகம் வெளுக்கும். "பை இன்னும் இருக்குதுங்களா?" என்று யாராவது கேட்பார்கள். "தீந்துபோச்சு," என்று சொல்லிவிட்டு மூச்சு விடுவாள். நான் அறிக்கையின் கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தேன். 'முடிவுரை' என்று எழுதி, கீழே கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மணி அடித்தது. தெரியாத எண். அத்தை ஸ்பீக்கரைத் தட்டினாள். பின்னால் ஏதோ பெரிய இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. இளவயதுக் குரல்.

"லேப் அசிஸ்டென்ட் அம்மாங்களா?"

அத்தை வாயைத் திறந்தாள். திருத்த ஒன்றும் இல்லை. மூடிக்கொண்டாள்.

"இங்க பீப்பாய்ல உங்க அட்டை இருந்துச்சும்மா. சூப்பர்வைசரு வெளிய போயிருக்காரு, வந்தாத் திருப்பி அனுப்பிருவாரோ என்னவோ. அதுக்குள்ள கேட்ருவோம்னு." பாட்டிலிலிருந்து மணலைத் தட்டும் ஒலி. பிறகு அந்தக் குரல் ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக வாசித்தது. "நீலத் திரவம். மாமனார் வாங்கியது. எதற்கென்று தெரியாது."

பாட்டிலை மறுபடி மணலில் வைக்கும் ஒலி.

"யாரோட மாமனாருங்கம்மா?"

"லைன்லயே இருப்பா, குடுத்தவங்க வீட்டுல விசாரிச்சுச் சொல்றேன். அதை மட்டும் தொறந்துராத," என்ற அத்தை என்னைப் பார்த்து வாசலைக் காட்டினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். கடையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியிலிருந்து சிறுமி வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள், ஏழாம் வாய்ப்பாடு, நிறைய தப்போடு, முழுக் குரலில். துணிப்பை இயந்திரத்தின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, சக்கரம் சுற்றும்போதெல்லாம் லேசாக ஆடியது. உள்ளே அவள் சாப்பாட்டு டப்பா இருந்தது.