ஐந்தரை முதல் ஆறரை வரை

விழவில்லை, அலறவில்லை. மைதானத்தில் நான்காவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது வலது கெண்டைச் சதையை யாரோ பின்னாலிருந்து கிள்ளியது போல இருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. அடுத்த அடியை வைத்தபோதுதான் வலியில் உயிர் போனது.

"என்னடி, நடு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டே?" என்று கேட்டபடி வந்தாள் கியர். பேக்கரி வேன் ஓட்டுகிறவள். ஓடும்போதும் அவள் இடது கை கியர் மாற்றுவது போலவே அசையும். அதனால் மைதானத்தில் எல்லோருக்கும் அவள் கியர்தான்.

"ஒண்ணுமில்ல. சுளுக்கு."

"சுளுக்குக்கா மூஞ்சி இப்படிக் கோணுது? உக்காரு முதல்ல."

அன்று சாயங்காலம் பிசியோதெரபிஸ்ட் காலை அழுத்திப் பார்த்தார். "தசை லேசா இழுத்திருக்கு, கிழியல. பயப்பட ஒண்ணுமில்ல. மூணு வாரம் ஓடாதீங்க."

"மூணு வாரமா!"

"ஓடாதீங்கன்னுதான் சொன்னேன். உக்காந்துடுங்கன்னு சொல்லல. நடங்க, சைக்கிள் மிதிங்க. நாலாம் நாள்லேர்ந்து இதப் பண்ணுங்க." ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தார். படியின் விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். பதினைந்து தடவை, அப்படி மூன்று முறை, தினமும். "விட்டுட்டீங்கன்னா சதை சோம்பேறி ஆயிடும். அப்புறம் அதைத் தாஜா பண்றது ரொம்பக் கஷ்டம்."

அவள் சிரித்தாள். இரண்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் ஓடுகிறவளிடம் சோம்பேறித்தனத்தைப் பற்றிச் சொல்கிறாரே!

ஓட்டம் அவளுக்கு வந்த கதை விசித்திரமானது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுவது அவள் வேலை. சுழலும் கல்லில் தண்ணீர் பீய்ச்சியடிக்க, வெள்ளைக் குழம்பு வழிய, காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை ஒரே நாற்காலி. வீட்டுக்கு வந்தால் மாமனார். பக்கவாதம் வந்து அவருக்கு இடது பக்கம் தளர்ந்துவிட்டது. அவரைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, பயிற்சி கொடுக்கத் தினமும் காலை ஐந்தரைக்கு ஓர் உதவியாளர் வருவார். முதல் நாள் அவர் வந்தபோது, குளியலறைக் கதவு திறந்து திறந்து மூடிய அந்தச் சின்ன வீட்டில் எங்கே நிற்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. சும்மா வெளியே போய் நடந்தாள். மறுநாளும் நடந்தாள். பத்தாம் நாள் நடை ஓட்டமாகியிருந்தது.

ஐந்தரை முதல் ஆறரை வரை அவளிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். சாவி எங்கே, மாத்திரை எங்கே, இன்னும் எத்தனை நிமிடம் என்ற கேள்விகளே கிடையாது. ஒரு நாளில் அவளுக்கென்று இருந்த ஒரே மணி நேரம் அது.

அதுதான் இப்போது காலியாகக் கிடந்தது. காலியாக எது கிடந்தாலும் அவள் கணவனுக்குப் பொறுக்காது. அவன் பஸ் டிப்போவில் டைம் கீப்பர்; எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த டிரைவர் எந்த ரூட் என்று கட்டம் போடுகிறவன்.

முதல் இரண்டு நாள் அவள் விழித்தபடி படுத்துக் கிடந்தாள். கியர் போன் செய்தாள். "வாடி, கேலரிப் படி எவ்வளவு நீளமா கிடக்கு! நாலாம் நாளானதும் அங்க நின்னு உன் பயிற்சியப் பண்ணு."

"நொண்டிக்கிட்டு வந்து நீங்க ஓடறத வேடிக்கை பாக்கணுமா? பசியோட ஹோட்டல் வாசல்ல நிக்கற மாதிரி இருக்கும்."

"ரொம்பத்தான் பண்றே."

"வெச்சிடு."

மூன்றாம் நாள் சாப்பிடும்போது கணவன் சொன்னான். "அந்த உதவியாளர்கிட்ட நாளைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிட்டேன்."

அவள் கை தட்டிலேயே நின்றது. "சொல்லிட்டீங்களா?"

"நீதான் வீட்டுல இருக்கியே? அப்பாவுக்கும் வெளியாள் கை படறதுக்கு நம்ம கை படறது நல்லதுதானே. வண்டி ஷெட்டுல நின்னா, அந்த டிரைவர வேற ரூட்டுல போட்டுடுவோம். சும்மா உக்கார வெச்சிருப்போமா? அவரும் சந்தோஷமாத்தான் போனாரு. அடுத்த தெருவுல ஒரு வீட்டுல காலையில ஆள் தேடறாங்களாம்."

"மூணு வாரம் கழிச்சு?"

"அப்பப் பாத்துக்கலாம்."

அந்த வீட்டில் 'இல்லை' என்பதை மரியாதையாகச் சொன்னால் 'அப்பப் பாத்துக்கலாம்.'

"நீ தூக்கவெல்லாம் வேணாம். நான் ஆறு மணிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவர நாற்காலில உக்கார வெச்சிடறேன். மத்தது நீ பாத்துக்கோ. கால்தானே வலி, கை நல்லாத்தானே இருக்கு?" என்று சிரித்தான். கெட்டவன் இல்லை. நிஜமாகவே நல்ல யோசனை என்று நினைத்துத்தான் சொன்னான். அவளும் கூடச் சிரித்துவைத்தாள்.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. டிப்போ பாணியில் கட்டம் போட்டு, அழகான கையெழுத்தில். 5.30 – முகம், பல். 5.50 – சவரம். 6.05 – கைப்பயிற்சி. 6.25 – சட்டை, காலை உணவு.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பொய். சும்மா இருக்கப் பழகிவிடும், இரண்டே வாரம் போதும்.

முதலில் கோபம்தான் இருந்தது. பிறகு அசதி. அப்புறம் கோபமும் இல்லை, அசதியும் இல்லை. குளிரில் எழுந்து ஷூ மாட்ட வேண்டியதில்லை, வியர்வைத் துணியைத் துவைக்க வேண்டியதில்லை, இன்றைக்கு எத்தனை சுற்று என்று தன்னோடு பேரம் பேச வேண்டியதில்லை. ஷூ அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. பயிற்சித் தாள் மாமனாரின் மருந்துப் புட்டிகளுக்கு அடியில் விரிப்பானது. படி ஏறும்போது குதிகால் தூக்குவது நினைவுக்கு வரும். சாயங்காலம் செய்யலாம் என்று நினைப்பாள். சாயங்காலம் வந்தால் காலையில் செய்யலாம் என்று தோன்றும். கியரின் அழைப்பை இரண்டு தடவை எடுக்காமல் விட்டாள். மூன்றாம் தடவை அழைப்பே வரவில்லை.

மூன்று வாரம் முடிந்து பிசியோதெரபிஸ்டிடம் போனாள். "ஒத்தக் கால்ல நின்னு குதிகாலத் தூக்குங்க" என்றார். இடது காலில் இருபது தடவை வந்தது. வலது காலில் ஆறாவது தடவையே கால் கிடுகிடுவென்று ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் குடுத்த பயிற்சியப் பண்ணினீங்களா?"

"ஆரம்பிச்ச ரெண்டு நாள் பண்ணினேன்."

திட்டியிருந்தால்கூட நன்றாயிருக்கும். அவர் பெருமூச்சு விட்டார். "வலி போயிடுச்சு. ஆனா பலம் இல்ல. இப்ப ஓடினா நிஜமாவே கிழியும். இன்னும் மூணு வாரம். முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

இன்னும் மூணு வாரம் என்றதும் அவளுக்குள் ஒரு சத்தம் கேட்டது. 'அப்பாடா.'

தெருவில் இறங்கிப் பத்தடி நடந்த பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. ஓடக் கூடாது என்று ஒருவர் சொன்னதற்கா நிம்மதிப்பட்டோம்? பஸ் நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இன்னும் மூன்று வாரம் போனால் அந்த ஒரு மணி நேரம் எப்போதாவது தன்னிடம் இருந்தது என்பதே மறந்துவிடும். யாரும் வந்து பிடுங்க வேண்டியிருக்காது. தானே தூக்கிக் கொடுத்துவிடுவோம். கால் இழுத்த அன்றுகூட இவ்வளவு பயமாக இல்லை.

வீட்டுக்கு வந்தால் மாமனாருக்கு உடம்பு சுட்டது. பக்கத்தில் தம்ளரில் தண்ணீர் காலையில் வைத்தபடியே இருந்தது. யோசித்துப் பார்த்தாள். நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும் அப்படித்தான்.

"மாமா, தண்ணியே குடிக்கலையா?"

"தாகமில்ல."

"மாத்திரைக்குக் குடிச்சீங்களே, அதோட சரியா?"

அவர் எப்போதுமே வார்த்தையை அளந்து விடுகிறவர். அவள் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"குடிச்சா, போகணும்ல?"

"போனா என்ன? கூட்டிட்டுப் போகத்தான் நான் இருக்கேனே!"

"அதனாலதான் குடிக்கல."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவரே தொடர்ந்தார். கோபமாகத்தான். "அந்தப் பய இருந்தப்ப அவன்கிட்ட நான் சத்தம் போடுவேன். கெட்ட வார்த்தைகூட வரும். அவனும் திருப்பிச் சொல்லுவான். ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம். மருமக கையப் பிடிச்சுக்கிட்டு நான் எப்படி அங்க போறது? என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? பெரிய சார்ட்டு ஒட்டிட்டான், சார்ட்டு!"

டாக்டருக்குப் போன் போட்டாள். சிறுநீர்த் தொற்றின் ஆரம்பமாக இருக்கலாம், நிறையத் தண்ணீர் கொடுங்கள், நாளை மாலை கூட்டி வாருங்கள் என்றார். பிறகு பழைய உதவியாளரைக் கூப்பிட்டாள். "அந்த வீட்டுல ஒத்துக்கிட்டேனேக்கா. மாசக் கடைசில கேட்டுப் பாக்கறேன். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் அவர்.

கணவன் வந்து, மறுநாளுக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் எதிரே போய் நின்றாள்.

"நாளைலேர்ந்து அஞ்சரைக்கு நான் கிளம்பறேன்."

"அட, கால் சரியாயிடுச்சா?"

"இல்ல. இன்னும் மூணு வாரம் ஓடக் கூடாதாம்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "அப்புறம் எங்க போறே?"

"மைதானத்துக்கு."

"ஓடாமலா?"

"ஓடாம. நடப்பேன். படியில பயிற்சி பண்ணுவேன்."

"படிதானே? நம்ம வீட்டு வாசல்லயே நாலு படி இருக்கே. எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?"

அவன் கேட்பது எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். அதுதான் தொல்லை. "வீட்டுப் படியில நின்னா நான் வீட்டுலதான் இருப்பேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணறதுக்குள்ள யாராவது கூப்பிடுவீங்க. மூணு வாரமா அப்படித்தான் ஆச்சு."

"அப்பாவ யார் பாத்துக்கறது?"

"உங்க அப்பா. நீங்க பாருங்க."

"ஆறரைக்கு டியூட்டி எனக்கு!"

அவள் தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள். ஒரு வார்த்தையும் கூட்டாமல், குறைக்காமல். அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எங்கிட்ட அவர் சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கல. நானும் கேக்கல."

"நான் நல்லதுக்குத்தானே பண்ணினேன்?"

"தெரியும். எத்தனை டிரைவருக்கு டியூட்டி மாத்திக் குடுத்திருக்கீங்க! உங்களுக்கு நீங்களே ஒண்ணு மாத்திக்க முடியாதா? அந்த ஆள் திரும்பி வர்ற வரைக்கும்."

"அதுக்கு எழுதிக் குடுக்கணும். அவங்க ஒத்துக்கணும்."

"எழுதுங்க."

"நல்லாப் பேசக் கத்துக்கிட்டே." அவன் குரலில் கேலி இருந்ததா, வருத்தம் இருந்ததா, சொல்ல முடியவில்லை. எழுதுவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. விறுவிறுவென்று எழுந்து போய் டிப்போவுக்குப் போன் போட்டான். நாளைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவேன் என்று மட்டும் அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. நாளைக்கு மட்டும்.

காலையில் அவள் நாற்காலி போட்டு ஏறி ஷூவை எடுத்தாள். கயிற்றை முடிச்சுப் போடும்போது குளியலறையில் ஏதோ தடாலென்று விழுந்தது. எழுந்துவிட்டாள். கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது.

"ஒண்ணுமில்ல, வாளிதான்!" என்று உள்ளேயிருந்து கணவன் கத்தினான். என்ன ஆச்சு என்று அவள் வாய் திறந்து கேட்டிருக்கவே இல்லை.

வாசல் கதவுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே எட்டடி இருக்கும். நடுவில் நின்று மூச்சை இழுத்து விட்டாள். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தெருமுனை வரை முதுகு முழுக்கக் காதாக இருந்தது.

மைதானத்தில் கியர் இரண்டாம் சுற்றில் வந்துகொண்டிருந்தாள். நிற்கவில்லை. "செத்துட்டியோன்னு நெனச்சேன். ஷூவெல்லாம் மாட்டியிருக்கே, ஆசை வந்து ஓடிடாதே!" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனாள். குரலில் கொஞ்சம் கோபம் பாக்கியிருந்தது.

மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்க வயிறு எரியத்தான் செய்தது. கேலரியின் கீழ்ப்படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கினாள். ஒன்று. இரண்டு. ஐந்தில் சதை நடுங்க ஆரம்பித்தது. ஏழில் போன் அடித்தது. கணவன்.

"அப்பாவோட சவரக் கத்தி எங்க?"

"குளியலறை ஜன்னல் மேல, நீல டப்பாவுல."

"ம். தண்ணி ரெண்டு தம்ளர் குடிச்சுட்டார்." குழாயைத் திறக்கும் சத்தம். "எப்ப வருவே?"

"ஆறரைக்கு."

"ஓடத்தான் இல்லையே. கொஞ்சம் சீக்கிரம் வரலாமே? இவர் வேற ஒரே திட்டு."

பின்னால் மாமனாரின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. அவள் கண்ணை மூடித் திறந்தாள். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

"ஆறரைக்கு வரேன்" என்று சொல்லி, போனைப் பைக்குள் போட்டாள்.

எதுவரை எண்ணினோம் என்பது மறந்துவிட்டிருந்தது. விளிம்பில் பாதத்தைச் சரியாக வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.